மெம்ஸ் தட்டின் நகர்வை வெப்பத்தால் அளப்பது எப்படி: டர்பன் ஆய்வகத்துக் குறிப்பு

மெம்ஸ் எனப்படும் நுண் மின்னியந்திரச் சில்லில் ஒரு தட்டு எவ்வளவு நகர்ந்தது என்பதை அறியப் பெரும்பாலோர் மின்தேக்கி வகைச் சீப்புகளையே, அதாவது சீப்புப் பற்கள்போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் மின்முனைகளையே, நாடுகின்றனர். அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சில்லில் கணிசமான இடத்தை அடைத்துக்கொள்ளும். வெப்ப உணரிக்கு இரு முனைகளிலும் பிடிக்கப்பட்ட மெல்லிய சிலிக்கான் சட்டம் ஒன்றே போதும். மின்னோட்டத்தால் சூடேறிய சட்டத்துக்கு எதிரே தட்டின் விளிம்பு நகர்ந்து வந்து அதைக் கூடுதலாக மறைக்கும்போது, இடையிலுள்ள காற்றின் வழியே வெப்பம் தட்டுக்குக் கடந்து செல்கிறது. சட்டம் சற்றே குளிர்கிறது. அதன் மின்தடையும் குறைகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் சூரிக் ஆய்வகத்தார் 2005 இல் வெளியிட்ட உணரி, இதே தத்துவத்தில் நானோமீட்டர் அளவு நகர்வைப் பிரித்தறிந்தது.

முதலில் கிடைக்கப்போகும் குறிகை எவ்வளவு சிறியது என்பதைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சட்டத்தின் நீளம் 100, அகலம் 4, தடிமன் 25 மைக்ரோமீட்டர்; தட்டுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி 2 மைக்ரோமீட்டர்; சூடான நிலையில் மின்தடை 500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் நடுப்பகுதி 100 பாகை சூடேற ஏறத்தாழ 0.12 வாட் தேவை. அதாவது 8 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான மின்னழுத்தம். சிலிக்கானின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 150 வாட், காற்றுக்கோ 0.026 தான். ஆகவே வெப்பத்தில் பெரும்பகுதி சட்டத்தின் முனைகள் வழியாகவே வெளியேறிவிடுகிறது; தட்டு முழுவதுமாக மறைத்தாலும் காற்று வழியே செல்வது 2 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். தட்டு 10 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் சட்டத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.3 பாகை மாறும். மின்தடை பாகைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் உயரும் சிலிக்கானில், அது 0.15 ஓம் மட்டுமே. அறையின் வெப்பநிலை அரைப் பாகை அசைந்தாலே இந்தக் குறிகை முழுவதும் மூழ்கிவிடும்.

ஆகவே ஒற்றைச் சட்டத்தை நம்பக் கூடாது. தட்டின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு சட்டத்தை வைத்து, ஓய்வு நிலையில் தட்டின் விளிம்பு இரண்டின் நடுவிலும் நிற்குமாறு வடிவமைக்க வேண்டும். தட்டு நகரும்போது ஒரு சட்டம் கூடுதலாக மறைக்கப்பட, மற்றது அதே அளவு வெளிப்படும். இரண்டின் வேறுபாட்டை எடுத்தால் நகர்வு இரட்டிப்பாகத் தெரியும், அறை வெப்பம் கழிந்துவிடும்.

எழுத்தில் எளிதாகத் தோன்றும் இந்தக் கழித்தலில்தான் வேலையின் பாதி இருக்கிறது. என் முதல் சில்லில் இரண்டு சட்டங்களுக்கும் ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, குளிர்சாதனம் நின்று நின்று ஓடும் தாளத்துக்கேற்ப வெளியீடு ஏறி இறங்குவதை ஒரு பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். சமமாக்க வேண்டியது மின்னழுத்தம் அன்று, வெப்பநிலை. ஒவ்வொரு சட்டத்தின் குளிர்நிலை மின்தடையையும் அது சூடேறாதபடி 0.1 வோல்ட்டில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று 462 ஓம், மற்றொன்று 478 ஓம் என்றால், இரண்டும் தத்தம் குளிர்நிலை மதிப்பின் 1.07 மடங்கை அடையும்வரை, அதாவது 494, 511 ஓம் ஆகும்வரை, தனித்தனியாக மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். மாறா மின்னழுத்தமே இங்குப் பாதுகாப்பானது: மின்தடை உயர்ந்தால் திறன் தானாகக் குறையும். மாறா மின்னோட்டத்தில் சூடு சூட்டை வளர்க்கும். சில நூறு பாகைகளுக்கு மேல் சிலிக்கானின் மின்தடை உயர்வதை விட்டு இறங்கத் தொடங்கும் என்பதால், அந்தத் திருப்பத்துக்கு வெகு கீழேயே நின்றுவிட வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு சட்டத்தின் மின்னோட்டத்தையும் ஒரு பெருக்கியால் மின்னழுத்தமாக்கி, பெருக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் பின்னூட்ட மின்தடையைத் திருகி, தட்டு அசையாத நிலையில் வேறுபாட்டைச் சுழியாக்க வேண்டும். பிறகு மேசை விளக்கொன்றைச் சில்லின் அருகே கொண்டுவந்து சில பாகை சூடேற்றிப் பார்க்க வேண்டும். வெளியீடு அசைந்தால் சமப்படுத்துதல் இன்னும் முடியவில்லை என்று பொருள். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் வந்ததும் அளக்கத் தொடங்காமல், கருவிகளும் அறையும் நிலைபெறும்வரை காத்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அளவுத்திருத்தத்துக்கு, தட்டை நகர்த்தும் இயக்கியின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொரு படியிலும் நுண்ணோக்கியில் காணும் நகர்வையும் உணரியின் வெளியீட்டையும் சேர்த்துப் பதிய வேண்டும். இயக்கியும் வெப்ப வகையென்றால், அதன் சூடு சில்லின் அடித்தளம் வழியாக உணரியை எட்டி நகர்வைப் போலவே நடிக்கும். தட்டைப் பூட்டி வைத்த இன்னொரு சில்லில் இயக்கியை ஓட்டி அந்தப் பங்கைத் தனியே கழிக்கலாம். மிக மெதுவான நகர்வுகளுக்கு இந்த உணரியை நான் தனியாகப் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த அதிர்வெண்ணில் மின்தடையின் இரைச்சல் ஓங்கி நிற்கும்.

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் குறைவு. பெரிய இடைவெளியில் காற்றின் கடத்துதிறன் அழுத்தத்தைப் பெரிதும் சார்ந்திருக்காது. ஆனால் 2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு முன் கடக்கும் தொலைவும் கணக்கில் வந்து, உணர்திறன் ஓரிரு விழுக்காடு மாறக்கூடும். ஆகவே அங்கே பயன்படப்போகும் சில்லை அங்கேயே மீண்டும் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். வெற்றிடத்தில் அடைக்கப்படும் கருவிக்கோ இந்த உணரி பயன்படாது. வெப்பத்தைத் தட்டுக்குக் கொண்டுசெல்லக் காற்றே இருக்காது.