ஒரு கிலோமீட்டர் கணக்கு: சிங்கப்பூரில் பள்ளியை வைத்து வீடு பார்ப்பது எப்படி

பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதாகும்போதுதான் இங்கே நம் ஆட்களுக்கு வீடு மாற்றும் யோசனை வரும். "அக்கா, நல்ல ஸ்கூல் இருக்குற ஏரியா எது?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். நான் செங்காங்கில் இருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் நடந்து போகும் தூரத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீங்க எந்தக் கட்டத்துல பதிவு பண்ணுவீங்க?" அது தெரியாமல் ஏரியா பேசிப் பயனில்லை.

தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு, பிள்ளைக்கு ஆறு வயதாகும் ஆண்டின் நடுவில் நடக்கும். அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் இப்போது படித்தால் கட்டம் 1. அப்பா, அம்மா அங்கே படித்தவர்கள் என்றால் 2ஏ. பள்ளியில் தொண்டூழியம் செய்யும் பெற்றோருக்கு 2பி. அதற்கு முந்தைய ஆண்டே சேர்ந்து 40 மணி நேரம் முடித்திருக்க வேண்டும், பள்ளி உங்களைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். ஊரிலிருந்து வந்து குடியேறிய நம்மில் பெரும்பாலோர் பள்ளியோடு இப்படித் தொடர்பு இல்லாதவர்களுக்கான, அதற்கடுத்த 2சியில்தான் நிற்போம். அந்தக் கட்டத்துக்கென்று ஒவ்வொரு பள்ளியிலும் தொடக்கத்திலேயே 40 இடம் ஒதுக்கி வைக்கிறார்கள். 2022க்கு முன் இது 20தான்.

இடத்தைவிட ஆள் அதிகமானால் முதலில் குடியுரிமை, அப்புறம்தான் தூரம். குடிமக்களில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், ஒன்று முதல் இரண்டுக்குள், இரண்டுக்கு மேல் என்று வரிசை போகும். அது முடிந்த பிறகே நிரந்தரவாசிகளுக்கு அதே வரிசை. அதாவது, பள்ளிக்கு எதிர் புளோக்கில் குடியிருக்கும் நிரந்தரவாசிப் பிள்ளை, தீவின் மறுகோடியில் இருக்கும் குடிமகனின் பிள்ளைக்குப் பின்னால்தான் நிற்கும். பிள்ளை நிரந்தரவாசி என்றால், இடம் போதாமல் ஆண்டுதோறும் குலுக்கல் நடக்கும் பள்ளியின் அருகே கூடுதல் வாடகை கொடுத்துப் போவது வீண் செலவு. வீட்டு முகவர் இதைச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு பள்ளியிலும் எந்தக் கட்டத்தில் எத்தனை இடம், எத்தனை பேர் கேட்டார்கள், குலுக்கல் எந்தத் தூரத்தில் நடந்தது என்பதெல்லாம் கல்வி அமைச்சின் இணையதளத்தில் இருக்கிறது. கடைசியாக நடந்த பதிவை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முந்தையதையும் பாருங்கள்.

தூரத்தை கூகுள் மேப்பில் பார்க்க வேண்டாம். அமைச்சு எடுத்துக்கொள்வது அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பில் உள்ள ஸ்கூல்குவரி என்ற தேடல் பகுதி காட்டும் கணக்கைத்தான். 2022 பதிவிலிருந்து பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். நீங்கள் நடக்கும் பாதை அதில் வராது. ஒரே கார் நிறுத்தக் கட்டடத்தைப் பகிரும் இரண்டு புளோக்கில் ஒன்று கோட்டுக்குள்ளும் மற்றது வெளியிலும் விழும். விளம்பரத்தில் "ஒரு கிலோமீட்டருக்குள்" என்று போட்டிருந்தாலும் அந்த புளோக்கின் அஞ்சல் குறியீட்டை நீங்களே தட்டிப் பாருங்கள். தூரத்தைக் காட்டி இடம் வாங்கினால், பதிவு தொடங்கிய நாளிலிருந்து 30 மாதம் அந்த முகவரியில் உண்மையிலேயே குடியிருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தக் காலத்தை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இன்னொரு வழி பலர் கண்ணில் படுவதில்லை. சில தொடக்கப்பள்ளிகளின் வளாகத்துக்குள்ளேயே அமைச்சின் பாலர் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தொடக்கப்பள்ளியில் 2ஏ கட்டத்திலேயே பதியத் தகுதி உண்டு. தமிழும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் பாலர் பள்ளியின் முதல் ஆண்டான கே1 சேர்க்கை முந்தைய ஆண்டே முடிந்துவிடும், ஆகவே மூன்று வயதிலேயே விசாரியுங்கள்.

தமிழ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெயர்பெற்ற பள்ளி என்று சொல்லிக்கொண்டு பார்க்கும் சிலவற்றில் தமிழே கிடையாது. சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் என்றால் சீனம் மட்டும்தான். மற்றப் பள்ளிகளிலும் தமிழ் உண்டா என்பதோடு நிற்காமல், தமிழ் மாணவர்கள் எத்தனை பேர், வகுப்பு அங்கேயே நடக்கிறதா, வேறு பள்ளிக்குப் போக வேண்டுமா என்று அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். என் மகள் வகுப்பில் தமிழுக்கு ஒரு சிறு கூட்டம்தான் எழுந்து போகும். ஆனால் மற்ற வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடுவதால் அறை நிறைந்து கலகலவென்று இருக்கும். தனியாக ஒரு பிள்ளை மட்டும் தமிழுக்கு எழுந்து போவதென்றால் அதற்கே அது பிடிக்காமல் போய்விடும். உயர்நிலையில் பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால் பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போகலாம். ஃபேரர் பார்க் ரயில் நிலையம் அதற்குக் கிட்டத்தில்தான். செங்காங், பொங்கோல்காரர்களுக்கு அதே வடகிழக்கு ரயில் பாதை என்பதால் சிரமமில்லை. தீவின் மேற்கிலிருந்து வருபவர்களுக்குத்தான் மாலை முழுக்க ரயிலில் போய்விடும்.

வாங்கப் போகிறீர்களா? மறுவிற்பனை வீடு பிடித்துப்போனதும் ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புளோக்குக்கும் வட்டாரத்துக்கும் இன ஒதுக்கீடு வைத்திருக்கிறது. அது 1989இல் வந்தது. அந்த புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் சீனரோ மலாய்க்காரரோ நமக்கு விற்க முடியாது. நிரந்தரவாசிகளுக்கு மேலே இன்னொரு ஒதுக்கீடும் உண்டு. கழகத்தின் இணையச் சேவையில் முகவரியைக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

இந்தத் தூரக் கணக்கெல்லாம் ஆறு வருடத்துக்குத்தான். உயர்நிலைப் பள்ளிக்கு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ மதிப்பெண் பேசும், வீடு எங்கே என்று கேட்க மாட்டார்கள். அதனால் நான் பெயரைவிட காலை நேரத்துக்கு மதிப்புக் கொடுப்பேன். ஏழரைக்குப் பள்ளி தொடங்கும். ஏழு வயதுப் பிள்ளை அஞ்சரைக்கு எழுந்து பள்ளி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போவதை எங்கள் புளோக்கின் கீழே தினமும் பார்க்கிறேன். வீடு பார்க்கப் போகும் நாளில் மதியம் ஒன்றரைக்குப் பள்ளி வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளைகள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள், பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதா, பாட்டி தாத்தாக்கள் வருகிறார்களா, பணிப்பெண்கள் வருகிறார்களா, எல்லாம் தெரியும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பள்ளிக்குள்ளேயே மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறதா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்றும் கேட்டுவிடுங்கள்.

வாங்குவதென்றால், இத்தனையும் வீட்டை நமக்கென்று பிடித்து வைக்க விற்பவரிடம் தரும் ஆப்ஷன் பணம் கொடுப்பதற்கு முன்னால் முடிய வேண்டும். கழக வீட்டுக்கு அது அதிகபட்சம் 1,000 வெள்ளி. கொடுத்த பிறகு 21 நாள் அவகாசம் உண்டு, ஆனால் மனம் மாறினால் அந்தப் பணம் திரும்பி வராது.