வில்லன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சிறுவர் சாகசக் கதை எழுதுவது எப்படி

வில்லன்களின் வீட்டில் பிறந்த பிள்ளைகள் தம் வீட்டாரின் நெறிகளைக் கேள்வி கேட்கத் தொடங்கும் சாகசக் கதை ஒன்றை, ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக எழுத விரும்புவோர், முக்கியமாக மொரீஷியஸில் கோயில் வகுப்புகளிலும் பள்ளிகளிலும் தமிழ் கற்பிப்போர், பேனாவை எடுத்தவுடன் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குடும்பத்தின் பெருமைகளை. குற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வீட்டிலும் பெரியவர்கள் 'நாம் அநியாயம் செய்பவர்கள்' என்று சொல்லிப் பிள்ளையை வளர்ப்பதில்லை. 'நாம் சொன்ன சொல் தவறாதவர்கள், எதையும் வீணாக்காதவர்கள், பசித்து வந்தவரைத் திருப்பி அனுப்பாதவர்கள்' என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். பிள்ளையின் கேள்வி அந்தப் பெருமைகளில் ஒன்றிலிருந்தே கிளம்ப வேண்டும். வெளியிலிருந்து ஓர் ஆசிரியரோ காவலரோ வந்து நீதி போதித்து, பிள்ளை உடனே கண் திறந்துகொள்வதாக எழுதினால், வாசிக்கும் குழந்தை மூன்றாம் பக்கத்திலேயே இது தனக்கு வைக்கப்பட்ட பாடம் என்று கண்டுபிடித்துவிடும்.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் சொல்ல வருவது தெளிவாகும். தீவின் தென்கிழக்கில், மாயேபூர்க் கடற்கரையில், தலைமுறை தலைமுறையாகக் கப்பல்களைத் திசை திருப்பிப் பவளத்திட்டில் ஏற்றி, ஒதுங்கும் சரக்கை எடுத்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொள்ளுத்தாத்தா காலத்தில் அவர்கள் கரையில் பொய் விளக்கு ஏற்றினார்கள். இன்றைய கப்பலை ராந்தல் விளக்கால் ஏமாற்ற முடியாது என்பதால், மாமா மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கருவியை ஒளித்து வைத்திருக்கிறார். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகள் பூமியை எட்டும்போது மிகவும் பலவீனமாக இருப்பதால், அருகிலிருந்து அதைவிட வலுவான போலிச் சமிக்ஞையை அனுப்பினால், கப்பலின் வழிகாட்டிக் கருவி தான் வேறோர் இடத்தில் இருப்பதாக நம்பிவிடும். அமாவாசை இரவுகளில் மட்டுமே வேலை என்பது கொள்ளுத்தாத்தா வகுத்த விதி. கண்ணால் பார்க்கிற மாலுமிக்குத் திட்டின் மேல் உடையும் வெள்ளை நுரை தெரிந்துவிடக் கூடாதல்லவா? இப்படிப்பட்ட குற்றமே சிறுவர் கதைக்கு ஏற்றது. அதில் இயந்திரம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, கொஞ்சம் கேலிக்கூத்தும் இருக்கிறது, அதே சமயம் அதன் விளைவை ஒரு குழந்தை கரையில் நின்று தன் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. போதைப்பொருள், கடத்தல், கொலை ஆகியவற்றை இந்த வயதினருக்கான கதையில் கொண்டுவராதிருப்பது நல்லது. அவற்றைச் செய்கிற குடும்பத்தை எந்த நகைச்சுவையாலும் அன்புக்குரியதாக்க முடியாது, அன்பில்லாத வீட்டைக் கேள்வி கேட்பதில் சாகசமும் இல்லை.

இடத்தின் இயல்பைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை தானாகவே அமையும். மொரீஷியஸைப் பவளத்திட்டு ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றியிருக்கிறது. தெற்கே சுய்யாக் அருகிலுள்ள கிரி-கிரி போன்ற சில இடங்களில்தான் திட்டு இல்லாமல் பெருங்கடல் நேரே பாறையில் மோதுகிறது. ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் நன்னீரும் வண்டலும் பவளத்தை வளரவிடாததால், அவற்றுக்கு எதிரே திட்டில் இடைவெளிகள் விழுந்திருக்கின்றன, படகுகள் அவற்றின் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. மீன்பிடிப் படகில் வளர்ந்த சிறுமிக்கு அந்த இடைவெளிகள் உள்ளங்கை ரேகை போலத் தெரிந்திருக்கும். பொய்ச் சமிக்ஞை என்பதும் இந்த விரிகுடாவுக்குப் புதிதன்று. 1810 ஆகஸ்டில் இங்கே நடந்த கிராண்ட் போர்ட் கடற்போரில், நுழைவாயிலிலுள்ள இல் த லா பாஸ் என்னும் சிறு தீவைப் பிடித்திருந்த ஆங்கிலேயர் அதில் பிரெஞ்சுக் கொடியைப் பறக்கவிட்டுப் பிரெஞ்சுக் கப்பல்களை உள்ளே வரவழைத்தார்கள்; ஆனால் அடுத்த சில நாட்களில் அவர்களுடைய கப்பல்களே திட்டுகளில் தரைதட்டி, இரண்டை அவர்கள் கையாலேயே கொளுத்த நேர்ந்தது. நம் கதையின் தாத்தா இந்த வரலாற்றின் முதல் பாதியை மட்டும் பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி, 'பெரிய பெரிய தளபதிகளே செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்' என்று மார்தட்டட்டும். பள்ளிப் பயணமாக மாயேபூர் அருங்காட்சியகத்துக்குப் போகும் பேத்தி, இரண்டாம் பாதியையும் தெரிந்துகொண்டு வீடு திரும்பட்டும். தாத்தா பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்தியிருக்கிறார் என்ற கண்டுபிடிப்பு பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதுமான அதிர்ச்சி.

விளைவைக் காட்டும் அத்தியாயத்துக்குக் கற்பனை அதிகம் தேவைப்படாது. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்னும் பெரிய சரக்குக் கப்பல் மாயேபூருக்கு அருகே புவாந்த் தெனிக்கு எதிரேயுள்ள திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கசிந்தது. அதில் எந்தச் சதியும் இல்லை, கதையிலும் அதைச் சதியாக்கக் கூடாது. ஆனால் எண்ணெய் கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் நேரில் அறிவார்கள்: அலையாத்தி வேர்களில் கறுப்பாகப் படிந்த பிசின், மூக்கை எரிக்கும் நாற்றம், துணிப் பைகளிலும் வலைகளிலும் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்து, மிதப்பதற்குப் பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி, நீளநீளமான தடுப்புகளாக அவற்றைக் கடலில் இறக்கிய ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். உங்கள் சிறுமியை அப்படிப்பட்ட ஒரு வரிசையில் உட்கார வையுங்கள். அவள் பைக்குள் சோகையை அடைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஊசியும் நூலுமாக இருக்கும் மீனவர் வீட்டுப் பையன், இனி எத்தனை நாளைக்கு அப்பாவால் கடலுக்குப் போக முடியாது என்று யாரையும் குற்றம் சாட்டாமல் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அவனுக்கு எதுவும் தெரியாது, அவளுக்கு எல்லாம் தெரியும். இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே அந்தக் காட்சியை நடத்திச் செல்லும். அவள் அழுதாள், மனம் வருந்தினாள் என்றெல்லாம் நீங்கள் எழுத வேண்டிய அவசியம் இராது. அவள் வழக்கத்தைவிட வேகமாகச் சோகையைத் திணிக்கிறாள் என்று எழுதினால் போதும்.

கேள்வி வெளிப்படும் இடத்தை வீட்டுக்குள், சாப்பாட்டு நேரத்தில் வைப்பதே என் விருப்பம். புரட்டாசி விரதம் முடிந்து செத் கறி என்னும் ஏழு கறி விருந்து பரிமாறும் நாள் இதற்கு மிகவும் பொருத்தம், ஏனென்றால் அன்றைக்கு உறவினர் அனைவரும் ஒரே வரிசையில் வாழையிலைக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் எழுந்து போகவும் முடியாது. கீழே உள்ளது ஒரு மாதிரி; கேட்பவள் பேத்தி தேவி.

"பாட்டி, பசிச்சு வந்தவங்களுக்குத்தான் முதல் இலைன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஆமாம் கண்ணு. உன் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்."

"அந்தக் கப்பல்லேருந்து இறங்கினவங்க ராத்திரி முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்திருந்தாங்களே. அவங்களுக்கு ஏன் இலை போடலை?"

"அவங்க விருந்தாளி இல்லை தேவி, சரக்கோட வந்தவங்க," என்றார் மாமா சிரித்துக்கொண்டே. வேறு யாரும் சிரிக்கவில்லை. பாட்டி ரசப் பாத்திரத்துடன் வரிசையில் வந்துகொண்டிருந்தார். மாமாவின் இலைக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு ரசம் ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போனார்.

இந்தக் காட்சியில் தேவி புதிய அறம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டு விதியை வீட்டாரிடமே திருப்பிக் காட்டுகிறாள், அவ்வளவுதான். அதனால் யாராலும் அவளை 'வெளியாள் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனவள்' என்று ஒதுக்க முடியவில்லை. பாட்டியும் பேத்தியின் பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது, ஒரு கரண்டி ரசம் மட்டும் தவறியிருக்கிறது. வில்லன் குடும்பத்தின் உண்மையான தலைவர் அநேகமாகப் பாட்டிதான் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த வாசகர்கள் அதைத் தாமாகவே ஊகித்துவிடுவார்கள்.

கேள்வி கேட்ட பிறகு பிள்ளை என்ன செய்வாள் என்பதுதான் கதையின் முதுகெலும்பு, இதற்கு நம் இதிகாசங்களும் புராணங்களும் நான்கு வழிகளைக் காட்டுகின்றன. பிரகலாதன் தந்தையை நேருக்கு நேர் எதிர்த்து நிற்கிறான், ஆனால் தூணைப் பிளந்துகொண்டு தெய்வம் வந்து முடித்து வைப்பதால், தன் புத்தியாலேயே தப்ப வேண்டிய சாகச நாயகிக்கு அது உதவாது. விபீஷணன் அண்ணனை விட்டு நீங்கி எதிரணியில் சேர்கிறான். பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சேர்வதற்கு எதிரணி என்று ஒன்று கிடையாது, இரவில் தூங்க வீடு வேண்டும். கும்பகர்ணன் தவறு என்று தெரிந்தும், எடுத்துச் சொல்லியும், அண்ணனுக்காகவே போருக்குப் போகிறான். கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் சபை நடுவே திரௌபதிக்காகப் பேசுகிறான், ஒருவரும் கேட்கவில்லை, பிறகு அவனும் தன் சகோதரர்களோடு நின்றே மடிகிறான். தீமிதித் திருவிழாக்களில் திரௌபதி கதையைக் கேட்டு வளரும் மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு விகர்ணனை அறிமுகம் செய்வது எளிது. உங்கள் கதையில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒருத்தியை விகர்ணன் வழியிலும் மற்றவனைக் கும்பகர்ணன் வழியிலும் நடத்துங்கள். தேவி கேள்வி கேட்பவள் என்றால், அவளுடைய மாமன் மகன் கதிர், 'தப்புதான், ஆனால் அவர் என் அப்பா' என்று சொல்பவனாக இருக்கட்டும். சண்டை பெரியவர்களோடு நடப்பதைவிட இந்த இருவருக்கிடையே நடக்கும்போதே கதை சூடுபிடிக்கும், ஏனெனில் வாசிக்கும் குழந்தை இருவர் பக்கமும் மாறிமாறிச் சாய்வாள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தேவி முதலில் தன் குடும்பத்துக்காக வாதாட வேண்டும். பள்ளியில் யாராவது அவர்களைத் திருடர் கூட்டம் என்று சொன்னால் அவள் சண்டைக்குப் போக வேண்டும். கரையில் பார்த்ததற்கு வேறு காரணம் தேட வேண்டும். கருவியில்தான் ஏதோ கோளாறு, மாமா இதை விரும்பிச் செய்திருக்க மாட்டார் என்று நம்பி, அதை நிரூபிக்கவே தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். துப்பறியும் பகுதி இங்கிருந்து தொடங்குவதே சரி.

சாகசத்தின் நேரக்கணக்குகளைத் தீவின் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொரீஷியஸில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான் என்பதால், கடல் உள்வாங்கியதும் பிள்ளைகள் ஓடிக் கடந்தார்கள், திரும்புவதற்குள் வெள்ளம் சூழ்ந்தது என்று எழுதினால் உள்ளூர்க் குழந்தை நம்பமாட்டாள். ஆபத்தைத் தென்கிழக்குக் காற்றிடமும் இடைவெளிகளில் இழுக்கும் நீரோட்டத்திடமும் ஒப்படையுங்கள். ஜூலையில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் ஏழு மணி நெருங்கும் வரை வெளிச்சம் இருக்கும். கரும்பு அறுவடை ஆண்டின் பிற்பாதியில் நடப்பதால், மே மாதத்தில் இரண்டு பிள்ளைகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தோட்டத்துக்குள் மறைந்து வீடு வரை வரலாம். நவம்பரில் அதே இடம் அறுத்து முடித்த வெட்டவெளியாகக் கிடக்கலாம். துரத்தல் காட்சியை எந்த மாதத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் அமைப்பே மாறிவிடும். புயல் வருவதாக இருந்தால் நவம்பரிலிருந்து மே மாதத் தொடக்கம் வரைக்குள் வரட்டும்.

மொழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுவதால், வாக்கியங்கள் சிறியவையாகவும் உரையாடல் அதிகமாகவும் இருக்கட்டும், ஓர் அத்தியாயம் ஆயிரம் சொற்களைத் தாண்ட வேண்டாம்.

உச்சக்கட்டத்தில் தேவி பயன்படுத்தும் ஒவ்வொரு திறமையும் அவளுடைய குடும்பம் கற்றுக்கொடுத்ததாக இருக்க வேண்டும். முடிச்சுப் போடத் தாத்தா சொல்லித் தந்தார், இருட்டில் சத்தமின்றித் துடுப்புப் போட மாமா பழக்கினார், அலையின் ஓசையைக் கேட்டே இடைவெளியைக் கண்டுபிடிக்கும் வித்தை பாட்டியுடையது. அடுத்த அமாவாசை இரவில், கருவியை நிறுத்த முடியாமல் போகும்போது, அவள் கொள்ளுத்தாத்தாவின் பழைய ராந்தலை எடுத்துக்கொண்டு படகில் போய், சரியான இடைவெளியின் ஓரத்தில் அதை ஏற்றிப் பிடிக்கிறாள் என்று வைத்தால், வந்துகொண்டிருக்கும் சிறிய பாய்மரப் படகு தன் கருவியை நம்பாமல் அந்த வெளிச்சத்தை நம்ப ஒரு காரணமும் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஒளியை அணைத்து ஏற்றும் அடையாளமுறை ஒன்றை மூன்றாம் அத்தியாயத்திலேயே விளையாட்டாக அறிமுகம் செய்துவிடுவது எளிய வழி. கதிர் அந்த நேரத்தில் வந்து படகின் மறுமுனையில் உட்கார்கிறானா, கரையிலேயே நிற்கிறானா என்பதை நீங்கள் முதல் பக்கத்துக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், வாசகருக்கு மட்டும் அது கடைசி வரை தெரியக் கூடாது.

கடைசி அத்தியாயத்தில் காவல்துறை வந்து எல்லாரையும் அழைத்துப் போவதும், எல்லாரும் ஒரே இரவில் திருந்திக் கட்டிக்கொள்வதும் ஒரே அளவுக்குச் சலிப்பூட்டும் முடிவுகள். தேவி அதே வீட்டில்தான் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தாத்தா சில நாட்கள் அவளோடு பேசாமல் இருக்கலாம். பாட்டி தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் அனுப்பிவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருக்கலாம். மாமாவை மட்டும் திருத்திவிடாதீர்கள். குழந்தைகள் இரண்டாம் பாகம் கேட்பார்கள், அப்போது அவர் தேவைப்படுவார்.