ஓய்வுக்காலத்துக்கு மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்

பிரிட்டனில், பர்மிங்காம் என்.இ.சி. அரங்கில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் மோட்டார்ஹோம், அதாவது கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி, கண்காட்சி நடக்கும். அது முடிந்த கையோடு எனக்கு வாட்ஸப்பில் படங்கள் வர ஆரம்பித்துவிடும், "அண்ணா, இதைப் பாருங்க, ரிட்டயர்மெண்டுக்கு இதுதான்" என்று. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பென்ஷனிலிருந்து வரியில்லாமல் எடுக்கக்கூடிய 25 சதவீதத்தைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அதை எப்போது செலவழிப்போம் என்று துடித்துக்கொண்டிருக்கிறவர்கள். முதல் வண்டி வாங்கியபோது நான் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேனோ அதையெல்லாம் அவர்களும் வரிசை மாறாமல் விடுகிறார்கள். முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள், சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை இங்கே எழுதப் போவதில்லை.

படுத்துப் பார்க்காமல் வாங்குவது

கண்காட்சியில் எல்லோரும் முன்பக்க சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அடுப்பைத் திறந்து பார்ப்பார்கள், திரைச்சீலையைத் தடவிப் பார்ப்பார்கள். கட்டிலில் மட்டும் யாரும் படுப்பதில்லை, கூச்சம். அறுபத்தைந்து வயதில் ராத்திரி இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கும். வண்டியின் குறுக்கே போட்ட கட்டிலில் உள்பக்கம் படுத்தவர் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் இறங்க முடியும், அதுவும் இருட்டில். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் படுங்கள், உள்ளே இருப்பவர் எழுந்து கழிப்பறை வரை போய்விட்டு வரட்டும். விற்பனைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எடை

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வரும், ஏனென்றால் வாங்குகிறவருக்குத் தெரியாது, விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் லைசென்ஸ். 1997 ஜனவரி 1-க்கு முன்னால் பிரிட்டனில் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுடைய லைசென்ஸில் சி1 என்ற பிரிவு தானாகவே சேர்ந்திருக்கும், 7.5 டன் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு பாஸ் செய்தவர்கள் டீசல் வண்டியென்றால் 3.5 டன்னோடு நின்றுகொள்ள வேண்டும். இங்கே இருக்கிற நம் ஆட்களில் ஒய்2கே (2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு) சமயத்தில், 1998, 99-ல் ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! ஊர் லைசென்ஸ் இங்கே ஒரு வருஷத்துக்கு மேல் செல்லாது என்பதால் எல்லோரும் இங்கே வந்துதான் டெஸ்ட் எழுதினோம், அதனால் எல்லோரும் கோட்டுக்கு அந்தப் பக்கம். 80-களில் வந்த டாக்டர்களுக்கு சி1 இருக்கும், ஆனால் அவர்களுக்கு வேறு சிக்கல், அதைப் பிறகு சொல்கிறேன்.

இது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதனால் ஏழு மீட்டர் நீளம், பின்னால் பெரிய கட்டில், கட்டிலுக்குக் கீழே சைக்கிள் வைக்கிற அளவு பெட்டி என்று எல்லாவற்றையும் கட்டிவிட்டு, எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடையைக் காட்டும் தகட்டில் 3500 கிலோ என்று அடித்துவிடுகிறார்கள். வண்டி காலியாக நிற்கும்போதே 3150 கிலோ இருக்கும். மீதி 350. அந்த 3150-க்குள் டிரைவருக்கு 75 கிலோ, 90 சதவீதம் டீசல், ஒரு கேஸ் சிலிண்டர் எல்லாம் அடக்கம்தான். ஆனால் தண்ணீரைச் சில தயாரிப்பாளர்கள் 20 லிட்டர் என்று மட்டும் கணக்கில் வைக்கிறார்கள், தொட்டியோ 100 லிட்டர் பிடிக்கும்.

சரி, கணக்குப் போடுங்கள். மனைவி 70 கிலோ. உங்கள் எடை 85 என்றால் கூடுதல் 10. தொட்டியை நிரப்பினால் இன்னொரு 80. பக்கவாட்டில் விரிக்கிற பந்தல் 30. இரண்டாவது பேட்டரி 25. இன்னொரு சிலிண்டர் 15. மின்சார சைக்கிள் இரண்டும் அதற்கான தாங்கியும் 65. மடக்கு நாற்காலி, மேசை, கரண்ட் கேபிள், சக்கரத்துக்குக் கீழே வைக்கிற கட்டைகள் எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 325. மிச்சம் இருப்பது 25 கிலோ, இன்னும் ஒரு சட்டைகூட வண்டியில் ஏறவில்லை. அப்புறம்தான் சமையலறை. குக்கர் இரண்டு, அரிசி பத்துக் கிலோ, "பாக்கெட் மாவெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று டேபிள்டாப் கிரைண்டரையே தூக்கி வைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

என் நண்பர் ஒருவர் இப்படித்தான், எல்லாம் ஏற்றிக்கொண்டு கார்ன்வால் கிளம்பும்போது நான் கட்டாயப்படுத்தி எடைமேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 3740 கிலோ. விற்ற கடைக்குப் போன் செய்தால், "அதையெல்லாம் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை சார்" என்கிற பாணியில் பதில். பார்க்கிறார்கள். 10 சதவீதத்துக்குள் அதிக எடை என்றால் அந்த இடத்திலேயே 100 பவுண்டு அபராதம், அதற்கு மேல் 200, 300, 30 சதவீதத்தைத் தாண்டினால் கோர்ட். அபராதம் போனால் போகட்டும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கிண்டப்போவது இதைத்தான்.

அப்படியானால் தகட்டை மாற்றி 3850 ஆக்கிவிடலாமே என்று கேட்பார்கள். பல வண்டிகளில் முடியும், சிலவற்றுக்குப் பின்னால் காற்று சஸ்பென்ஷன் போட்டால் போதும், சிலவற்றுக்குக் காகித வேலையோடு முடிந்துவிடும். ஆனால் மாற்றிய நிமிடத்திலிருந்து சி1 இல்லாதவர் அந்த வண்டியை ஓட்டக்கூடாது. நண்பருக்கு சி1 இல்லை. சைக்கிளையும் பந்தலையும் கழற்றினார், தண்ணீர் கால் தொட்டிதான் பிடித்தார், கிரைண்டர் வீட்டிலேயே தங்கியது. கடைசியில் வண்டியையே நஷ்டத்துக்கு விற்றுவிட்டுச் சின்ன வேன் வாங்கினார்.

இப்போது டாக்டர்கள். சி1 இருக்கிறது என்ற தைரியத்தில் அறுபத்தேழு வயதில் 4.25 டன் வண்டி வாங்குவார்கள். 70 வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது சாதாரணக் கார் லைசென்ஸ் போல ஆன்லைனில் தட்டிவிட்டால் சி1 போய்விடும். அதைத் தக்கவைக்க டி4 என்ற மருத்துவப் படிவம் வேண்டும், அதற்கான பரிசோதனைக் கட்டணம் நம் கையிலிருந்துதான், கண்பார்வைத் தரமும் காருக்குக் கேட்பதைவிடக் கூடுதல். அதுவும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. இன்சுலின் போடுகிறவராக இருந்தால் கிடைக்காது என்றில்லை, ஆனால் ஆண்டுதோறும் நிபுணர் பரிசோதனை, பதிவான சர்க்கரை அளவுகள் என்று கெடுபிடி அதிகம். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எது? இருபது வருஷம் ஓட்டலாம் என்று நினைத்து வாங்கிய வண்டி மூன்றே வருஷத்தில் வாசலில் நின்றுவிடலாம்.

இன்னொன்று, மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு தாங்காமல் போகலாம். பல மோட்டார்ஹோம்களுக்கு அடிப்படையான ஃபியட் டுகாட்டோ வேனில், 3500 கிலோ வகை பலவற்றில் பின் அச்சின் எல்லை 2000 கிலோ. பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கிற தாங்கியில் சைக்கிளை மாட்டினால் அதன் எடையைவிட அதிகமாகவே பின் அச்சில் இறங்கும், முன்பக்கம் லேசாகும். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்குமே, அதே சங்கதி. முன் சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் ஈரப் புல்லில் நிறுத்தினால் காலையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், புது வண்டி என்றால் நீங்கள் கேட்ட எல்லாக் கூடுதல் வசதிகளோடும் சேர்த்து அந்தக் குறிப்பிட்ட வண்டியின் எடை என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள், சிற்றேட்டில் அச்சடித்த எண் உதவாது. பழைய வண்டி என்றால் எடைமேடைச் சீட்டு, இரண்டு அச்சுக்கும் தனித்தனியாக. சில பவுண்டு செலவு. வண்டியை எடைமேடைக்கு எடுத்துக்கொண்டு போக மறுத்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

ஈரம்

பழைய வண்டியில் வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கூரை ஜன்னல் ஓரம், பின்பக்க மூலை, மேல் அலமாரிக்குள் கையை விட்டு அழுத்திப் பாருங்கள், பலகை உள்ளே அமுங்கினால் நடையைக் கட்டலாம். ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது.

டயர் பட்டன் நன்றாக இருக்கிறதே என்பது

வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். வருஷத்தில் பாதி நாள் நிற்கிற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர்தான் வெடிக்கும்.

எங்கே நிறுத்துவது என்று யோசிக்காமல் வாங்குவது

புது எஸ்டேட் வீடுகள் பலவற்றின் பத்திரத்திலேயே வாசலில் கேரவன், மோட்டார்ஹோம் நிறுத்தக்கூடாது என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்டுவதற்குள் நீங்களே படித்துவிடுங்கள்.

"ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்"

முடியாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற உரிமை நடந்து போகிறவருக்கும் கூடாரம் போடுகிறவருக்கும். மோட்டார் வண்டிக்கு இல்லை.

குளிர்காலம் முழுக்க ஸ்பெயின்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் 180 நாளில் 90 நாள்தான். இந்திய பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருக்கிறவருக்கு விசாவும் வேண்டும். ஒரே வண்டியில் இரண்டு வகை பாஸ்போர்ட் இருக்கிற தம்பதிகள் நம்மில் ஏராளம், வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதைப் பேசி முடியுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் முத்திரைக்குப் பதில் கணினியே நாட்களை எண்ணுகிறது.

பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் ஈஸ்ட்ஹாமுக்குப் பழைய டீசல் வேன்

யூரோ 6 என்ற புகைத் தரத்தை எட்டாத 3.5 டன் வண்டிக்கு, ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் காற்று மாசுக் கட்டணம் 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க.