சுரங்கப் பள்ளத்தாக்கில் சிற்பம் வைக்கும் முன்

நிலக்கரியும் இரும்பும் போய், வேலையும் போன பள்ளத்தாக்குகளில் இப்போது சிற்பங்களும் சுவரோவியங்களும் எழுகின்றன. தெற்கு வேல்ஸில் இதற்கு நல்ல உதாரணமும் உண்டு, வயிற்றெரிச்சலான உதாரணமும் உண்டு.

ஊர் கூடிச் செய்யும் இத்தகைய முயற்சிகளில் முதலில் நேரும் பிழை, யாரென்றே தெரியாத ஒரு 'தொழிலாளி'யைச் செய்து நிறுத்திவிடுவது. தலையில் விளக்கு, தோளில் குந்தாலி, கரி படிந்த முகம். எந்தச் சுரங்கத்துக்கும் பொருந்துவதால் எந்த ஊருக்கும் சொந்தமாகாத உருவம் அது.

அபர்ட்டிலரிக்குப் பக்கத்தில் உள்ள சிக்ஸ் பெல்ஸ் கிராமம் அப்படிச் செய்யவில்லை. 1960 ஜூன் 28 அன்று அங்கே நிலத்தடியில் மீத்தேன் வெடித்தது. அந்தப் பகுதியில் வேலையில் இருந்த 48 பேரில் 45 பேர் இறந்தார்கள். 50 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், செபாஸ்டியன் பாய்சன் செய்த 'கார்டியன்' சிற்பம் திறக்கப்பட்டது. பீடத்தோடு 20 மீட்டர் உயரம். சுரங்கத் தொழிலாளி கைகளை விரித்து நிற்கிறார். கையில் கருவி எதுவும் இல்லை. உடல் முழுவதும் 20,000க்கும் மேற்பட்ட எஃகுப் பட்டைகளால் ஆனது. தூரத்திலிருந்து கெட்டியான உருவமாகத் தெரிவது, அருகே போகப்போகப் பட்டைகளின் இடைவெளி வழியே வானத்தைக் காட்டுகிறது. பீடத்தில் இறந்தவர்களின் பெயர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் தாத்தாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். குந்தாலிச் சிலையில் எதைத் தேடுவார்?

கருத்துக் கேட்பு என்ற பெயரில் மூன்று வரைபடங்களை மேசையில் பரப்பி 'எது பிடித்திருக்கிறது?' என்று கேட்பது இன்னொரு பிழை. முடிவெல்லாம் எடுத்த பிறகு நடக்கும் சடங்கு அது. வரைவதற்கு முன்பே ஓய்வுபெற்றவர்களை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் தீச்சுடர் எரியும் கைவிளக்கை 1950களின் தொழிலாளி ஒவ்வொருவர் கையிலும் வரைந்துவைத்தால் அவர்கள் சிரித்துவிடுவார்கள். தலையில் மாட்டும் மின்விளக்கு பரவிய பிறகு, தீச்சுடர் விளக்கு பெரும்பாலும் வாயுவைச் சோதிப்பதற்கென்று மேற்பார்வையாளர்களிடம் இருந்த பொருள்.

பெண்களை விட்டுவிடுவதும் வழக்கம். சுரங்க வாசலில் குளியலறைகள் வருவதற்கு முன், வேலை முடிந்து வரும் ஆண்கள் குளிக்க வீட்டில் வெந்நீர் காய்ச்சியவர்கள் அவர்கள். அந்த வேலையும் தொழில் வரலாறுதான்.

இனி வயிற்றெரிச்சலான உதாரணம்: அதே தெற்கு வேல்ஸின் நியூபோர்ட் நகரம். 1839 நவம்பரில், வாக்குரிமை கேட்டு மேலேயுள்ள பள்ளத்தாக்குகளின் சுரங்க, இரும்பாலைத் தொழிலாளர்கள் ஊர்வலமாக இறங்கி வந்தார்கள். சிப்பாய்கள் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கென்னத் பட் 1978இல் அதை மொசைக்காக உருவாக்கினார். சுமார் 35 மீட்டர் நீளம், ஏறத்தாழ 2 லட்சம் ஓடு, கண்ணாடித் துண்டுகள். ஒட்டிய இடம், நடைபாதைச் சுரங்கவழி ஒன்றின் சுவர். வணிக வளாகத்துக்கு இடம் தேவைப்பட்டதும் 2013 அக்டோபரில் சுவரோடு சேர்த்து இடித்தார்கள். மக்கள் கொதித்தார்கள், பெயர்த்தெடுக்கப் பெரும் செலவாகும் என்றது மாநகர மன்றம். இடிப்பு நெருங்கியபோது அந்தக் கணக்கில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் ஒட்டும்போதே யோசித்திருக்க வேண்டிய கணக்கு அது.

ஆகவே சுவர் யாருடையது, அடுத்த முப்பது ஆண்டுகளில் அங்கே என்ன வரப்போகிறது என்று முதலில் விசாரியுங்கள். துருவே காப்பாகும் எஃகைத் தேர்ந்தெடுத்தால், தொடக்க ஆண்டுகளில் மழைநீரோடு துரு வழியும். கீழே வெளிர்நிறக் கல் பதித்தால் கறை போகாது. கழுவுவதற்கும் பழுதுபார்ப்பதற்குமான பணத்தைத் திறப்பு விழாவுக்கு முன்பே தனியாக எடுத்துவைக்க வேண்டும். விழா முடிந்தபின் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். மொசைக் என்றால் நேரடியாகச் சுவரில் ஒட்டாமல், பலகை பலகையாகச் செய்து மாட்டுங்கள். சுவர் போனாலும் கழற்றி எடுத்துப் போகலாம்.