கெர்ஃபஃபிள்: ஓர் ஆங்கிலப் பேச்சுச் சொல்லைப் பொருளறிந்து பயன்படுத்தும் முறை

ஆங்கிலச் செய்தித் தலைப்பில் ‘கெர்ஃபஃபிள்’ (kerfuffle) என்ற சொல்லைக் கண்டு அகராதியைத் திறந்தால், ‘அமளி’, ‘குழப்பம்’ என்று ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். அந்த விடை தவறில்லை என்றாலும், அதை மட்டும் நம்பி வாக்கியம் எழுதினால் பொருள் பிசகிவிடும். எழுந்த சத்தத்தைக் குறிப்பதோடு, அதற்குக் காரணமான விஷயம் அவ்வளவு பெரிதல்ல என்ற பேசுபவரின் எண்ணத்தையும் இச்சொல் சேர்த்தே சுமக்கிறது.

முதலில் உச்சரிப்பைப் பழகிக்கொள்ளுங்கள். கெர்-ஃப-ஃபிள் என்ற மூன்று அசைகளில் நடு அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் அசை மெலிந்தே ஒலிக்கும். எழுதும்போது எஃப் என்ற எழுத்து மொத்தம் மூன்று முறை வரும்: யூ எழுத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு.

இரண்டாவதாக, காரணத்தின் அளவைப் பாருங்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி ஒன்றில் யாரோ பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேறொருவர் அதை நகர்த்திவிட்டு உட்கார, பைக்காரர் திரும்பி வந்து குரலை உயர்த்த, இருபுறமும் நான்கு பேர் எழுந்து நியாயம் பேச, கூட்டம் பத்து நிமிடம் தாமதமாகிறது. இது கெர்ஃபஃபிள். அதே கூட்டத்தில் கைகலப்பு மூண்டு ஒருவருக்கு மண்டை உடைந்தால் அது கெர்ஃபஃபிள் அன்று. அங்கே இச்சொல்லைப் போட்டால் அடிபட்டவரின் துயரத்தைச் சிறுமைப்படுத்தியதாகிவிடும். பேனைப் பெருமாளாக்கிய சங்கதி என்று தமிழில் சொல்லத் தோன்றும் இடமே இதற்குரிய இடம். மொழிபெயர்க்கும்போது ‘கலவரம்’ என்பதைத் தவிர்த்து, ‘சலசலப்பு’ என்று எழுதுவதையே நான் விரும்புவேன்.

சொல்லின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. ஸ்காட்லாந்தில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியில் ‘ஃபஃபிள்’ என்றால் கலைத்துப்போடுதல். முன்னொட்டாகிய ‘கர்’, ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான கேலிக்கில் (Gaelic) முறுக்குதல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். சீராக இருந்த ஒன்று கலைந்துபோவதே அடிப்படைக் கருத்து. கே எழுத்தில் தொடங்கும் இன்றைய வடிவம் 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

மூன்றாவது, வாக்கியத்தில் அமைத்தல். இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல் என்பதால், ஒருமையில் முன்னால் ‘எ’ அல்லது ‘த’ வரும். எதைப் பற்றிய சலசலப்பு என்பதைக் காட்ட ‘ஓவர்’ அல்லது ‘அபௌட்’ சேர்க்க வேண்டும். ‘தேர் வாஸ் எ கெர்ஃபஃபிள் ஓவர் த சீட்டிங்’ என்றால், இருக்கை ஏற்பாட்டை ஒட்டி ஒரு சலசலப்பு எழுந்தது என்று பொருள். ‘வாட் இஸ் ஆல் த கெர்ஃபஃபிள் அபௌட்?’ என்பது, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பது.

நான்காவது, இடமறிதல். நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் பத்திரிகைக் கட்டுரையிலும் இது இயல்பாகப் பொருந்தும். புகார் மனு, விபத்து அறிக்கை, இரங்கல் கடிதம் ஆகியவற்றில் தவிர்த்துவிடுங்கள். அங்கே ‘கமோஷன்’ அல்லது ‘டிஸ்டர்பன்ஸ்’ போதும். எதிரில் இருப்பவர் கோபமாக இருக்கும்போது அவருடைய குறையையே கெர்ஃபஃபிள் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் குறை அற்பமானது என்று முகத்துக்கு நேரே சொன்னதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

இதன் உறவுச் சொற்களில் ‘ஹப்பப்’ பல குரல்கள் கலந்த இரைச்சலையும், ‘ரக்கஸ்’ முரட்டுத்தனமான ரகளையையும் குறிக்கும். பிரெஞ்சிலிருந்து வந்த ‘ப்ரூஹாஹா’ பொதுவெளியில் கிளம்பும் பரபரப்புக்கு ஏற்றது.

இனி நீங்களே முயன்று பாருங்கள். அழைப்பிதழில் ஒருவர் பெயர் விடுபட்டதால் எழுந்த மனத்தாங்கல், தீ விபத்தில் மக்கள் சிதறி ஓடியது, கடைசி நேரத்தில் அறை மாற்றப்பட்டதால் மாணவர்கள் அலைமோதியது: இம்மூன்றில் முதலுக்கும் மூன்றாவதற்கும் மட்டுமே கெர்ஃபஃபிள் பொருந்தும்.