கொடிப் பயிர்களில் சாம்பல் நோய்: விதை வாங்கும்போதே தொடங்கும் வேலை

பூசணி, வெள்ளரி, சுரை, முலாம்பழம் என எந்தக் கொடியை வளர்த்தாலும், ஒரு கட்டத்தில் இலைமேல் வெள்ளை மாவு படரத்தான் செய்கிறது. அன்றைக்குத்தான் பலரும் மருந்து தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், எந்த விதையை வாங்கினோம் என்பதிலேயே இந்த நோயின் பாதிக் கதை முடிந்துவிடுகிறது. ஆனாலும் கொடியில் வெள்ளையைப் பார்த்த பிறகுதான் பெரும்பாலோர் இதைப் படிப்பீர்கள். அதனால் முதலில் நோயை அடையாளம் காண்போம்.

படி 1: சாம்பல் நோய்தானா என்று பாருங்கள்

இலைமேல் விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். ஒட்டாமல், நரம்புகள் பிரியும் இடங்களில் வெள்ளி பூசியது போலத் தெரிந்தால் அது அந்த ரகத்தின் இயல்பான நிறம். பல பூசணி ரகங்கள் பிறவியிலேயே அப்படித்தான். அதற்குப் போய் மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர்.

இலையின் மேல்பக்கம் நரம்புகளுக்குள் அடங்கிய கோணல்மாணலான மஞ்சள் புள்ளிகளும், அவற்றின் நேர் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். பெயர்தான் ஒன்றுபோல, கிருமி வேறு, மருந்தும் வேறு.

படி 2: பூஞ்சாணத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொடிப் பயிர்களில் இந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது பொடோஸ்பேரா ஸாந்தீ என்ற பூஞ்சாணம். உயிருள்ள செடியில் மட்டுமே இது வாழும். இழைகள் இலைக்கு வெளியே படர்ந்திருக்க, மேல்தோல் செல்லுக்குள் ஓர் உறிஞ்சு உறுப்பை மட்டும் நுழைத்துச் சத்தை இழுத்துக்கொள்ளும். இதன் வித்து (விதைபோலப் பரவும் நுண்துகள்) முளைக்க இலை நனைய வேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்குக் கொண்டாட்டம். தொற்றிய 3 முதல் 7 நாளில் வெள்ளைப் புள்ளி வெளியே தெரியும்.

ரோஜாவில் வரும் சாம்பல் நோய் பூசணிக்குத் தாவுமா என்று கேட்பார்கள். தாவாது, அது வேறு இனம்.

படி 3: விதைப் பொட்டலத்தைப் படியுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. பொட்டலத்தில் 'பிஎக்ஸ்' அல்லது 'பிஎம்' என்று போட்டிருந்தால் சாம்பல் நோய்க்கு எதிர்ப்பு உள்ள ரகம் என்று பொருள். பக்கத்தில் 'ஹெச்ஆர்' இருந்தால் அதிக எதிர்ப்பு, 'ஐஆர்' இருந்தால் நடுத்தர எதிர்ப்பு. நடுத்தர ரகத்திலும் வெள்ளை வரும். ஆனால் தாமதமாக வரும், மெதுவாகப் பரவும். அறுவடைக்கு அந்த இடைவெளியே பெரிய லாபம்.

சில பொட்டலங்களில் கூடவே எண்களும் இருக்கும். அவை அந்த ரகம் எதிர்த்து நிற்கும் பூஞ்சாண இனப்பிரிவுகள். முலாம்பழத்தின் கதையைப் பார்த்தால் இந்த எண்களின் அருமை புரியும். இந்தியாவிலிருந்து போன ஒரு முலாம்பழ வகையின் எதிர்ப்புத்திறனைச் சேர்த்து, கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்காக 'பி.எம்.ஆர். 45' என்ற ரகத்தை 1936இல் வெளியிட்டார்கள். 1938இலேயே அந்த ரகத்தையும் தாக்கும் புதிய பிரிவு ஒன்று அங்கே பதிவானது. ஒரே மரபணுவை நம்பிய எதிர்ப்பு இப்படிச் சட்டென்று உடையலாம்.

இன்னொரு வகை எதிர்ப்பும் உண்டு. 'எம்எல்ஓ' என்ற குடும்பத்தைச் சேர்ந்த சில மரபணுக்கள், செடிக்குள் பூஞ்சாணம் நுழைய உள்ளிருந்தே வாசலைத் திறந்துவிடும் வேலைக்காரர்கள் மாதிரி. வெள்ளரியில் அப்படி ஒரு மரபணு பழுதாகும்போது பூஞ்சாணம் செல்லுக்குள் நுழையத் திணறுகிறது.

படி 4: இடைவெளி விட்டு நடுங்கள்

வெயிலும் காற்றும் புகும்படி நடுங்கள், முடிந்தால் பந்தலில் ஏற்றுங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். அடர்ந்து நெருங்கும் இளந்தழை பூஞ்சாணத்துக்கு வசதி.

படி 5: வாரம் ஒருமுறை இலையைப் புரட்டுங்கள்

கொழுந்தைப் பார்த்துப் பயனில்லை. விரிந்து 16 முதல் 23 நாள் ஆன இலைகளில்தான் நோய் எளிதில் தொற்றும். கொடியின் அடிப்பகுதியில், நிழலில் இருக்கும் முதிர்ந்த இலைகளை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் புள்ளி அடிப்பக்கத்தில்தான் இருக்கும். ஒன்றிரண்டு இலையில் மட்டும் இருந்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். அதற்காகக் கொடியையே மொட்டையடிக்க வேண்டாம், நிழலில்லாத காய் வெயிலில் வெந்துவிடும்.

வெள்ளை படர்ந்த இலையில் மஞ்சள் நிறக் குட்டிப் பொறிவண்டு மேய்ந்தால் விட்டுவிடுங்கள். அது தின்பது இலையை அல்ல, பூஞ்சாணத்தை. செம்பழுப்பில் கரும்புள்ளிகளோடு இருந்து இலையை அரித்துச் சல்லடையாக்கும் வண்டு வேறு, அதைப் பிடித்து அழிக்கலாம்.

படி 6: தெளிப்பு

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பால் தெளிக்கலாம்: ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, இலையின் இருபக்கமும் நனைய. பிரேசிலில் சுக்கினிப் பூசணியில் இதைச் சோதித்த ஆய்வு 1999இல் வெளியானது, பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் இலை முழுக்க வெளுத்த பிறகு பாலை நம்புவது வீண்.

சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் கந்தகத்தில் கவனம் தேவை. பல கொடி ரகங்களின் இலையை, முக்கியமாக முலாம்பழத்தில், அது கருக்கிவிடும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. இரசாயன மருந்துக்குப் போனால் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இந்தப் பூஞ்சாணம் சீக்கிரம் பழகிவிடும். அசாக்ஸிஸ்ட்ரோபின் அடங்கிய மருந்துக் குடும்பத்துக்குப் பல இடங்களில் ஏற்கனவே அப்படி நடந்திருக்கிறது. அடுத்த தெளிப்புக்கு வேறு குடும்பத்து மருந்தாக மாற்றுங்கள்.

காய்ப்பு ஓய்ந்ததும் பழைய கொடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள். பக்கத்திலேயே இளங்கொடி வளர்கிறது என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், வித்து காற்றிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.