ஓம், வாட் கணக்கில் சறுக்கும் இடங்கள்

காரிமங்கலத்தில் எங்கள் மோட்டார் பட்டறைக்கு ஐ.டி.ஐ. முடித்த தம்பி ஒருவர் வேலை பழக வந்தார். ஒரு சாயங்காலம் 230 வோல்ட், 1000 வாட் அயர்ன் பாக்ஸை மாட்டி, டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) 3.6 ஆம்ப்ஸ் பார்த்தார். வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம் அல்லவா, 230-ஐ 3.6-ஆல் வகுத்ததில் 64 ஓம் வந்தது. பெட்டியின் தகட்டில் உள்ளபடி 230 × 230 ÷ 1000 போட்டால் 53. “53 ஓம்தானே வரணும்? எலிமென்ட் போயிடுச்சுண்ணா” என்றார்.

எலிமென்ட் நன்றாகத்தான் இருந்தது. தோட்டங்களில் எல்லாரும் மோட்டார் போட்டிருக்கும் நேரம், பிளக்கில் 190 வோல்ட்தான் வந்துகொண்டிருந்தது. 190-ஐ 3.6-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 53 ஓம். கரண்டை அளந்துவிட்டு, வோல்ட்டேஜை மட்டும் தகட்டில் பார்த்து எடுத்துக்கொண்டார். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். இரண்டையும் ஒரே நேரத்தில், அந்தப் பொருளின் முனையிலேயே அளக்க வேண்டும். வீட்டு போர்டில் பார்த்த வோல்ட்டேஜ் நீள ஒயரைத் தாண்டி கிணற்றடிக்கு அப்படியே போய்ச் சேராது.

வாட் கணக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் பெட்டி எடுத்தது 190 × 3.6, அதாவது 684 வாட். வோல்ட்டேஜ் 17 சதவீதம் குறைந்ததற்கு, பவர் 32 சதவீதம் குறைந்துவிட்டது. ஓம் மாறாதபோது பவர் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகும். சிலர் 1000-ஐ 190-ஆல் வகுத்து, லோ வோல்ட்டேஜில் 5.3 ஆம்ப்ஸ் இழுக்கும் என்பார்கள். அயர்ன் பாக்ஸ் அப்படி இழுக்காது.

மோட்டார் இழுக்கும். தண்ணீரைத் தூக்கியே ஆக வேண்டுமே, வோல்ட்டேஜ் இறங்கினால் கரண்ட் ஏறும், காயில் கருகும். அதனால் மோட்டாரை அயர்ன் பாக்ஸ் மாதிரி நினைக்கவே கூடாது. காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் 4 ஓம் காட்டலாம். த்ரீ பேஸ் சப்ளையின் 415 வோல்ட்டை 4-ஆல் வகுத்து “நூறு ஆம்ப்ஸா!” என்று பயந்தவர்கள் உண்டு. ஓடும்போது காயிலுக்குள்ளேயே எதிர் வோல்ட்டேஜ் உண்டாகிறது. மீட்டர் காட்டும் ஓமில் அது வராது.

5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் 8 ஆம்ப்ஸ் எடுக்கிறது என்று வைப்போம். வெறும் 415 × 8 போட்டால் 3320 வாட். ஆனால் 5 எச்.பி. என்பதே 3730 வாட் வேலை. சாப்பிட்டதைவிட அதிகமாக உழைக்கும் மோட்டாரை நான் இதுவரை கண்டதில்லை. மூன்று பேஸ் ஆச்சே என்று மூன்றால் பெருக்கினால் 9960 வரும், அதுவும் தப்பு. பெருக்க வேண்டியது 1.732-ஆல், அப்புறம் பவர் ஃபேக்டரால் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு). அது 0.8 என்றால் சுமார் 4600 வாட்.

மில்லி ஆம்ப்ஸை ஆயிரத்தால் வகுக்க மறப்பது சின்னத் தவறு, விளைவு பெரிது. 12 வோல்ட் ரிலே (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்ச்) 30 மில்லி ஆம்ப்ஸ் எடுத்தால் 0.36 வாட். மறந்தால் 360 வாட், விரல் நுனி அளவு ரிலேயில் தோசை சுடலாம்.

100 வாட் குண்டு பல்பை அணைத்து வைத்து ஓம் பார்த்தால் 40 பக்கம்தான் காட்டும். எரியும்போது 529. இழை சூடானதும் ஓம் ஏறிவிடும், பல்பில் குறை இல்லை. அதற்காக சப்ளை இருக்கும்போதே ஓம் பார்க்கப் போகாதீர்கள், மீட்டர் போய்விடும். டாங் டெஸ்டரையும் ஒரே ஒயரில் போடுங்கள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால், மோட்டார் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும், மீட்டர் பூஜ்யம் காட்டும்.